ஆறாவது எண்

கொடியில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது. அவருக்குப் போட்டுவிட ஒரு நல்ல சட்டை எடுத்துப் போகலாம் என்று மாடியேறி வந்தவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள், சுவர் ஆணிகளில் பார்த்தாள், கடைசியில் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை வெளியே இழுத்தாள். எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஆறு சட்டை, நாலு பேன்ட், சவரச் சாமான், மூக்குக் கண்ணாடிக் கூடு, வளைத்துக் கட்டிய வெள்ளை ரப்பர் பட்டை ஒன்று. ஒரு மனிதனின் குடித்தனம் மொத்தமும் மடிப்புக் கலையாமல் கிளம்பத் தயாராக இருந்தது.

"ஒரு மாசமா இப்படித்தான்க்கா," என்றான் வாசற்படியில் நின்ற இன்டர்நெட் கடைக்காரன். "தினமும் ஒண்ண எடுத்துப் போடுவாரு, துவைச்சுக் காயவெச்சு மறுபடியும் உள்ள வெச்சிடுவாரு. எதுக்குண்ணே இந்த வேலைன்னு கேட்டா, கிளம்பற நேரத்துல தேடிட்டிருக்கக் கூடாதுப்பான்னு சொன்னாரு."

அவள் அந்த ரப்பர் பட்டையை எடுத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றிப் போடுவது. எந்த ஃபிரிட்ஜுக்கு என்று கேட்கத் தேவையில்லை. அவள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாமல் நாலு வருடமாக ஒரு நாற்காலியைச் சாத்தி வைத்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே அவர் ஒருமுறை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரப்பர் போயிடுச்சு. மோட்டார் நிக்காம ஓடுது பாரு," என்று சொன்னதும், "ஓடட்டும்," என்று அவள் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தன. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட அவளுக்கு மனம் வந்ததில்லை.

நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொண்டாள். கீழே பட்டறையில் நாத்தனார் ஒரு பழைய ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டி மீது உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பதினொரு மணிக்கு வண்டி வந்துடும்," என்றாள் நாத்தனார். "இந்த மேசைய நகர்த்திட்டா இங்கயே படுக்க வெச்சுடலாம்."

"வீட்டுக்குக் கொண்டு போலாம் அண்ணி."

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டைக்கு வரும் பார்வை இல்லை அது. தையல் தைக்கிறவள் துணியை அளவெடுப்பதற்குமுன் பார்க்கிற பார்வை. "உன்ன நான் ஒண்ணும் சொல்ல வரலம்மா. ஒன்பது வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாயத் தெறந்ததில்ல. ஆனா என் தம்பி மானஸ்தன். சுத்தமாகாம படி ஏற மாட்டேன்னுதான இங்க கெடந்தான்? உயிரோட இருந்தப்ப ஏறாத படியில இப்ப தூக்கிட்டுப் போயி ஏத்தணுமா? நாலு பேரு தூக்கிட்டுப் போனா அவனால வேண்டாம்னு சொல்லக்கூட முடியாது."

நாத்தனார் சொன்னது நியாயமாக இருந்ததுதான் தொல்லை.

இத்தனைக்கும் சுத்தம் என்ற அந்த வார்த்தையை அவரிடம் முதலில் சொன்னவள் அவள்தான். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், சாயங்காலம் கல்லாவில் ஒரு ரூபாய் பிசகினாலும் கடையை மூடவிடாமல் தேடுகிறவள். அவர் அவளைக் "கணக்கு" என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் கணக்கு, கொஞ்சலிலும் கணக்கு. அவருக்கோ ஐஸ் என்றுதான் பெயர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஐஸ் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை இல்லாத வீட்டில் கணக்கும் ஐஸும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார்கள்.

குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் அவர்களுக்கே விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். அதிகாரி அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்தார். ஒருவர் எங்கெங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று எல்லா வங்கிகளும் பார்க்கிற காகிதம் அது. பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று கடன் கணக்குகள் பாக்கி விழுந்து கறுப்பாக நின்றன. இருவர் பெயரிலும் வாங்கிய பட்டறைக் கடன் ஒன்று. அவள் பெயரிலிருந்த கிரெடிட் கார்டு ஒன்று. அதை எப்போது அவர் பட்டறைக்குக் கம்ப்ரஸர் வாங்கத் தேய்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது ஒரு வேன் கடன், அதில் ஜாமீன் என்று அவள் பெயர் தவறாக ஏறியிருந்தது, அவள் கையெழுத்தே போட்டதில்லை. பழ வியாபாரி ஒருவனுக்குக் குளிர் அறை கட்டிக் கொடுத்து, அவன் பணம் தராமல் ஓடிப்போய், அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு அவர் ஒன்றரை வருடமாகச் சமாளித்த கதை பிறகுதான் தெரிந்தது.

அதிகாரி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் பரிதாபப்பட்டார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை வாசலிலேயே கணவரை நிறுத்தினாள். "என் பேரு என்னிக்குச் சுத்தமாகுதோ, அன்னிக்கு இந்தப் படி ஏறுங்க." கோபத்தில் சொன்னதுதான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்து இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள். அவர் பட்டறை மாடிக்குப் போனார். வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். அதே வீட்டில் அவள் புதிய சொந்தக்காரருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தாள், அவர் வந்து ஏற ஒரு படி வேண்டுமே என்று.

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது அநேகமாக மாதத்துக்கு ஒரு முறைதான். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க அவள் கைபேசிக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். அவர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிடுவார். அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒன்று பத்துக்கு என்று தெரியும். "கணக்கு, நம்பர் வந்துதா?" "வந்துது." ஒவ்வொரு எண்ணாக அவள் சொல்வாள். ஒவ்வொன்றாக அவர் திருப்பிச் சொல்வார். "வெக்கறேன்" என்பார். அவ்வளவுதான். இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அந்தக் குறுஞ்செய்தியில் போட்டிருக்கும்.

சில மாதங்களில் அவள் ஆறாவது எண்ணை மாற்றிச் சொல்வாள். ஒன்பது என்றிருந்தால் நாலு என்பாள். பில்லில் ஒரு ரூபாய் தவறவிடாதவள், மனதறிந்து தப்பான எண்ணைச் சொல்லிவிட்டு உணவு டப்பாவை மூடிவைத்துக் காத்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கைபேசி அடிக்கும். "தப்புன்னு வருது கணக்கு." "அப்படியா? இன்னொரு தடவ அனுப்பச் சொல்லுங்க." இன்னும் ஆறு எண்கள். அந்த மாதத்துக்குப் பன்னிரண்டு கிடைத்துவிடும்.

வேன் கடன் அவளுடையதே இல்லை என்று எழுதி எழுதி முதல் வருடமே எடுக்க வைத்தார். பட்டறைக் கடனை ஐந்தாம் வருடம் முழுக்க அடைத்தார். கிரெடிட் கார்டுதான் உயிரை வாங்கியது. வங்கி அதை ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றிருந்தது. அவர்களோடு பேரம் பேசிப் பாதிக்கு முடித்துவிட்டு, மூன்று வருடத்துக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியும் கையுமாகக் கேட்டுக்கு வந்து நின்றார். முகம் அப்போதுதான் சவரம் செய்திருந்தது. அவள் காகிதத்தை வாங்கி, பில் சரிபார்க்கிற பழக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதுல செட்டில்டுன்னு போட்டிருக்கு. க்ளோஸ்டுன்னு போடல."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல. பாதிப் பணத்தக் கேக்காம விட்டுட்டோம்னு எழுதி வெச்சிருக்காங்க. கறை அப்படியேதான் இருக்கும்."

தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பெட்டியைக் கீழே வைப்பார், உட்கார்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றுதான் நினைத்தாள். அவர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தை மடித்துப் பெட்டியோடு திரும்பி நடந்தார். கேட்டைத் திறந்து இரண்டு எட்டு ஓடிப் போய்க் கையைப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். அவள் ஓடவில்லை. தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு எட்டை நினைத்துத்தான் மூன்று வருடமாகப் படுத்துப் புரண்டாள்.

மீதிப் பாதியையும் கட்டி, அதற்குள் மூடிக்கொண்டுபோன வசூல் கம்பெனியின் ஆட்களைத் தேடிப் பிடித்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, திருத்தச் சொல்லி மனுப் போட்டது போன மாதம். முப்பது நாளில் பதில் வரும் என்றார்கள். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அவள் கைபேசிக்கு ஒரு வரிச் செய்தி வந்தது. உங்கள் மனு ஏற்கப்பட்டது, திருத்தம் செய்யப்பட்டது.

நேற்று ஒன்று பத்துக்கு அவர் கூப்பிட்டார். "கணக்கு, நம்பர் வந்துதா?" அவருக்கு இன்னும் தெரியாது. நம்பர் எதுக்கு, வந்துடுங்க என்று சொல்ல வேண்டும். முதல் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். பக்கத்தில் கடைப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நாக்கு எழவில்லை. ஐந்து எண்களைச் சரியாகச் சொன்னாள். ஆறாவது எட்டு. "மூணு," என்றாள். மறுபடி கூப்பிடுவார், அதற்குள் பின்கட்டுக்குப் போய்த் தனியாக நின்றுகொள்ளலாம், அப்போது சொல்லிவிடலாம்.

பின்கட்டில், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மூன்று நாற்பதுக்கு அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பில், மூச்சு விடாமல், "நம்பர்லாம் வேணாம், வந்துடுங்க, இன்னிக்கே வந்துடுங்க," என்றாள்.

"அக்கா," என்றது அந்தப் பக்கம். "நான் இன்டர்நெட் கடை. அண்ணன் போன்லேர்ந்து பேசறேன்."

கம்ப்ரஸர் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

"பேப்பர் சுத்தமாயிடுச்சு அண்ணி," என்றாள் இப்போது. "செவ்வாக்கிழமையே ஆயிடுச்சு. மெசேஜ் வந்துது."

நாத்தனார் நிமிர்ந்தாள். "அவனுக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் எழுந்து, "பேப்பரக் கண்ணால காட்டு," என்றாள். "அவனும் அதத்தான கேப்பான்."

மணி பத்தே கால். பக்கத்துக் கடையின் ஷட்டரைக் கடைக்காரன் பாதி தூக்கினான். மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். கணினி உயிர்பெறும்வரை அவள் எதிரே இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதுலதான் அண்ணன் உக்காருவாரு," என்றான் கடைக்காரன். பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவனாக விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினான். அவள் கைபேசி அதிர்ந்தது. ஆறு எண்கள்.

"சொல்லுங்கக்கா."

வாயைத் திறந்தாள். பிறகு கைபேசியை அவனிடம் நீட்டினாள். அவனே பார்த்து அடித்தான்.

"நேத்து சொன்னது தப்பு நம்பர்," என்றாள் திரையைப் பார்த்தபடி. "நான்தான்..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அண்ணனுக்குத் தெரியும். ரெண்டாவது தடவ கூப்பிட்டுப் பேசின மாசமெல்லாம் எனக்கு டீ அவரு செலவுதான். பில்லுல ஒரு பைசா விடமாட்டா, நம்பர் மட்டும் எப்படித் தப்பும்னு சொல்லிச் சிரிப்பாரு." அச்சுப்பொறி இழுத்து இழுத்துக் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. "நேத்தும் தப்புன்னு வந்ததும் சிரிச்சாரு. உடனே கூப்பிடலாம்னு சொன்னேன். கையெல்லாம் எண்ணெயா இருக்கு, இந்த ஒரு வேலைய முடிச்சு கை கழுவிட்டு வந்து நிம்மதியாப் பேசறேன்னு போனாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை அந்தக் குறுகலான கடையில் வைத்து வந்தது. எட்டு என்று சொல்லியிருந்தால் அவர் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் கம்ப்ரஸரைத் தூக்கியிருக்க மாட்டார், பெட்டியைத்தான் தூக்கியிருப்பார். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. இந்தக் கணக்கை அவள் தனியாகத்தான் போட்டாக வேண்டும்.

நாத்தனார் காகிதத்தை எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் கடைசி வரிவரை பார்த்தாள். "இதுல எங்க எழுதியிருக்கு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பட்டறைக் கடன், முடிந்தது. கார்டு, முடிந்தது. வேன் கடன் பெயரே இல்லை. விரல் எங்கேயும் நிற்காமல் காகிதத்தின் அடிவரை போயிற்று.

"சரி," என்றாள் நாத்தனார். "வீட்டுக்கே போலாம்."

வண்டி வந்ததும் நீலக் கோடுச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். நாத்தனார் காகிதத்தை நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் செருகி, மேலே தட்டிவிட்டாள். "யாராவது கேட்டா எடுத்துக் காட்டுடா," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது.

கேட்டைத் திறந்ததில் ஒரு சிக்கலும் இல்லை. வாசல் இரட்டைக் கதவுதான் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். மறுபக்கத் தாழ்ப்பாள் பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. "சாய்ச்சுத் தூக்கிடலாம்," என்றார்கள் தூக்கியவர்கள். "வேணாம்," என்றாள். அம்மிக் குழவியைக் கொண்டுவந்து தாழ்ப்பாளை நாலு தட்டுத் தட்டித் திறந்தாள். மூன்று படிகள். நேராகவே ஏறினார்.

முன்னறையில் படுக்க வைத்தார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள். எந்த நேரமும் கல்லாவில் நிற்கிற மருந்துக் கடை முதலாளி வந்து, பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். இரண்டு பெண்கள் நாற்காலி கேட்டார்கள். அவள் உள்ளே போய், ஃபிரிட்ஜுக்குச் சாத்தியிருந்ததையும் எடுத்துக் கொடுத்தாள். ஃபிரிட்ஜ் கதவு மெதுவாக விலகி வாயைத் திறந்துகொண்டது. மோட்டார் இரைய ஆரம்பித்தது.

இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஒரு மணிக்கு மேல் கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. நாத்தனார் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். அறையில் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து.

கைபேசியை எடுத்தாள். மாதத்துக்கு ஒன்றாக, இரண்டாக, ஒன்பது வருடத்து எண்கள் வரிசையாக நின்றன. இன்று காலை வந்ததைத் தாண்டி நேற்றையதைத் திறந்தாள். தரையில் கையூன்றி அவர் காதருகே குனிந்தாள். சட்டைப்பையில் காகிதம் சரசரத்தது.

"நாலு," என்றாள். கொஞ்சம் பொறுத்தாள். "ஏழு." பொறுத்தாள். "ஏழு. பூஜ்யம். ரெண்டு."

உள்ளே மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"எட்டு," என்றாள். "எட்டுங்க. மூணு இல்ல."

அவர் திருப்பிச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் காதை அவர் பக்கம் சாய்த்து அப்படியே இருந்தாள்.